மதராஸ் ஆளுநரின் சிவிங்கி

வளர்த்த நாயையும் குதிரையையும் தைல வர்ணத்தில் எழுதுவித்துக் கூடத்துச் சுவரில் மாட்டிவைக்கும் வழக்கம் ஐரோப்பியச் சீமான்களுக்கே உரியது என்பது பொதுவான எண்ணம். விக்டோரியா அரசியாகுமுன்னர், 1836இல், அவரது 'டாஷ்' என்ற நாயை எட்வின் லான்ட்ஸீரைக் கொண்டு தீட்டுவித்து, மகளின் பிறந்தநாட் பரிசாக அளித்தார் தாயார். இவ்வகை ஓவியங்களை நினைத்தால் நம் மனக்கண்ணில் தோன்றுவது இத்தகைய அரண்மனைக் காட்சிதான். ஆயினும் இவ்வரிசையில் மிகச் சிறந்ததென நான் கருதும் ஓர் ஓவியத்தின் கதை, சென்னைப் புனித ஜோர்ஜ் கோட்டையிலிருந்து தொடங்குகிறது.

1755 முதல் 1763 வரை மதராஸ் ஆளுநராக இருந்தவர் ஜோர்ஜ் பிகொட். 1758-59இல் பிரெஞ்சுத் தளபதி லாலி நகரை முற்றுகையிட்டபோது கோட்டையைக் காத்தவர். பெருஞ்செல்வத்துடன் தாயகம் திரும்பியவர். அவர் கொண்டுசென்றவற்றுள் ஒன்று, வேட்டைக்குப் பழக்கப்பட்ட சிவிங்கிப்புலி. அதனை மூன்றாம் ஜோர்ஜ் மன்னருக்குக் காணிக்கையாக்கினார். சிவிங்கியை வளர்த்து மான் வேட்டைக்கு ஏவுவது இந்திய அரசர்களின் பழைய பொழுதுபோக்கு. இங்கிலாந்து அதுவரை கண்டிராத அந்த வேட்டையை, 1764 ஜூன் 30ஆம் திகதி வின்ட்சர் பூங்காவில் நடத்திப் பார்த்தார்கள். முடிவு ஏமாற்றமே. மான் கொம்பைத் தாழ்த்தி எதிர்த்து நின்றது, சிவிங்கி பின்வாங்கியது. பின்னர் அடைப்பைத் தாண்டிக் காட்டுக்குள் ஓடி, வேறொரு மானைப் பிடித்தது.

இந்தச் சிவிங்கியைத் தீட்டும் பணியை ஜோர்ஜ் ஸ்டப்ஸிடம் ஒப்படைத்தார் பிகொட். லிவர்பூலில் தோல் பதனிடுவோர் ஒருவரின் மகனாக 1724இல் பிறந்த ஸ்டப்ஸ், லிங்கன்ஷயரின் ஹோர்க்ஸ்டோவ் என்ற ஊரில் ஒன்றரை ஆண்டு தங்கி, இறந்த குதிரைகளைத் தோலுரித்துத் தசை தசையாக ஆராய்ந்து வரைந்தவர். அந்த உழைப்பு 1766இல் குதிரையின் உடற்கூற்று நூலாக வெளிவந்தது. 'விசில்ஜக்கெட்' என்ற பந்தயக் குதிரையை அவர் ஏறத்தாழ 3 மீற்றர் உயரத் துணியில் தீட்டியிருந்தார். 1997இல் இலண்டன் தேசிய ஓவியக்கூடம் அதனை 11 மில்லியன் பவுணுக்கு வாங்கியது.

விலங்கு ஓவியனுக்கு முன்னால் அமர்ந்து கொடுப்பதில்லை. குறிப்புப் படங்களையும் நினைவையும் உடற்கூற்று அறிவையும் கொண்டே அதனை எழுதவேண்டும். தைல வர்ணம் மெல்லக் காய்வது இங்கே அனுகூலம்: திருத்தலாம், ஒன்றன்மேலொன்றாக வர்ணமேற்றி உரோமத்தின் மினுக்கத்தைக் கொண்டுவரலாம். சிவிங்கியின் புள்ளிகளையும் கண்ணிலிருந்து இறங்கும் கறுப்புக் கோட்டையும் ஸ்டப்ஸ் அவ்வாறுதான் கைப்பற்றினார்.

1765இல் கண்காட்சிக்கு வந்தபோது அதன் தலைப்பு, 'வேட்டைப் புலியொன்றின் உருவப்படம்' என்பதாகும். வேட்டையின் தோல்வி அதில் இல்லை. அதற்கு முந்திய கணமே உள்ளது. வெண்ணிற உடையும் தலைப்பாகையும் அணிந்த இருவரில் ஒருவர் சிவிங்கியின் இடைப்பட்டியைப் பற்றி நிற்கிறார். மற்றவர் மானைச் சுட்டிக் காட்டுகிறார். பின்னணி வின்ட்சர் அல்ல, கற்பனையான மலைநாடு. பிகொட் குடும்பத்திடம் இரு நூற்றாண்டுகளுக்கு மேல் இருந்த ஓவியம் 1970இல் மான்செஸ்டர் ஓவியக்கூடத்துக்குச் சென்றது.

இன்று அதன் பெயர் 'சிவிங்கியும் மானும், இரண்டு இந்தியர்களும்'. அந்த இருவரும் எண்ணிக்கையாக மட்டுமே தலைப்பில் நிற்கிறார்கள். ஆனால் தூரிகை அப்படிச் செய்யவில்லை. அவ்விருவரின் முகங்களையும் ஸ்டப்ஸ் தனித்தனி மனிதர்களாகவே எழுதியிருக்கிறார். விலங்கை அடக்கும் கையில் அச்சமில்லை. நெடுநாட் பழக்கம் தெரிகிறது. பணம் கொடுத்தவர் பிகொட். பரிசு பெற்றவர் மன்னர். அந்தச் சிவிங்கியை உண்மையில் அறிந்தவர்கள் இவர்களே.

எங்கள் தோப்பூர்ப் பக்கத்தில் எவரும் மாட்டைத் தீட்டுவித்ததில்லை. குறிசுடுவதே வழக்கம். உடையவரின் பெயரெழுத்து மாட்டின் உடலில் ஏறும். செல்வர்களின் விலங்கு ஓவியங்களும் ஒருவகையில் அத்தகைய குறியே என்று எனக்குத் தோன்றுவதுண்டு. "இது என்னுடையது" என்பதை வலியில்லாமல் சொல்லும் குறி. 2006 ஓகஸ்டில் மூதூர், தோப்பூர்ப் பகுதி மக்கள் போரினால் கந்தளாய்ப் பக்கம் இடம்பெயர்ந்தபோது, கைவிடப்பட்ட பட்டிகளைப் பற்றிப் பேசியவர்கள் எண்ணிக்கையை மட்டும் சொல்லவில்லை. இந்தக் கொம்பு, அந்தச் சுழி, இன்ன குணம் என்று ஒவ்வொன்றையும் சொன்னார்கள். அதுவும் உருவப்படந்தான். எழுதிவைக்க ஆளில்லை என்பதே வேறுபாடு.

பிகொட் 1775இல் மீண்டும் மதராஸ் ஆளுநரானார். தஞ்சாவூரை மன்னர் துளஜாவிடம் திருப்பியளித்த விவகாரத்தில் சொந்த ஆலோசனைச் சபையே 1776இல் அவரைச் சிறைப்படுத்தியது. 1777இல் காவலிலேயே இறந்தார். சிவிங்கி இந்தியாவில் அற்றுப்போனதாக 1952இல் அறிவிக்கப்பட்டது. 2022 செப்டெம்பரில் மத்தியப் பிரதேசத்தின் குனோவில் விடப்பட்டவை நமீபியாவிலிருந்து வந்த ஆபிரிக்கச் சிவிங்கிகள். ஆசியச் சிவிங்கி இன்று ஈரானில் மட்டும் சொற்பமாக எஞ்சியிருக்கிறது. இந்திய மண்ணில் பிடிபட்டு, இந்தியர் கைகளில் பழகிய ஒரு சிவிங்கியின் உடலையும் பார்வையையும் காணவிரும்புவோர், மான்செஸ்டரில் அந்த இரு மனிதர்களின் அருகே போய் நிற்கவேண்டும்.