பனைவளவும் மனையாட்சியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அரசர் பெயரையும் ஆட்சி மாறிய ஆண்டையும் வரிசைப்படுத்திச் சென்றனர். 1619 ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் கைப்பற்றியதும், 1658 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் வந்ததும், 1795 ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் புகுந்ததும் பாடசாலைப் பிள்ளைகளும் அறிந்த செய்திகள். ஆயின், ஆவணி மாதத்தில் வளவிலே விழுந்து கிடக்கும் பனம்பழங்களில் எத்தனையைப் பனாட்டாக்குவது, எத்தனை விதையைப் பாத்தியில் இடுவது, முளைத்த கிழங்கில் எவ்வளவை ஒடியலாக உலர்த்துவது, எவ்வளவை அவித்துப் புழுக்கொடியலாக்குவது என்பவற்றைத் தீர்மானித்தவர் யார் என்னும் வினா அந்நூல்களில் அரிதாகவே எழுந்தது. மூன்று அரசுகள் மாறிய காலத்திலும் அவ்வீடுகள் மழையற்ற மாதங்களிற் பட்டினியின்றி இருந்ததற்கு அத்தீர்மானமும் ஒரு காரணமாகும்.

பனையைப் பற்றிய எழுத்துக்குக் குறைவில்லை. வில்லியம் பேர்கியூசன் என்பார் 1850 ஆம் ஆண்டிலேயே பனைமரம் பற்றித் தனி நூல் வெளியிட்டார். 1859 ஆம் ஆண்டில் இலங்கை பற்றிப் பெருநூல் வெளியிட்ட எமர்சன் தெனன்ற் யாழ்ப்பாணத்துப் பனந்தோப்புகளையும் புகையிலைத் தோட்டங்களையும் விரித்துரைத்தார். மரத்தின் உயரம், வைரம், அது தரும் பயன்கள் ஆகியவற்றை இத்தகைய நூல்களிற் காணலாம். முற்றத்திற் பாயை விரித்து வெயிலின் போக்கைப் பார்த்து நின்ற பெண்ணைக் காண்பது அத்துணை எளிதன்று.

குடாநாட்டின் இயல்பை முதலில் நோக்குதல் வேண்டும். சுண்ணக்கல்லின் மீது படிந்த மெல்லிய மண். வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழையை நம்பி ஆண்டுக்கு ஒரு நெற்போகம். அம்மழை பொய்த்தால் நெல்லும் பொய்க்கும். பனையோ மழை பொய்த்த ஆண்டிலும் காய்ப்பது. ஆகவே நெல் யாழ்ப்பாணத்தானின் விருப்ப உணவாயிற்று. பனையோ அவன் காப்புறுதியாயிற்று. ஆனால், மரத்திலிருந்து விழுந்த பழம் சில நாளிற் கெட்டுவிடும். அதனை ஆண்டு முழுவதும் உதவும் பொருளாக மாற்றினாலன்றிக் காப்புறுதி என்னும் பெயர் அதற்குப் பொருந்தாது. மாற்றிய கை எது என்பதிலேதான் இவ்வரலாறு தொடங்குகின்றது.

பனாட்டு இடுதல் எளிய வேலையன்று. விடியுமுன் வளவுக்குச் சென்று, இரவில் விழுந்த பழங்களைக் கடகத்திற் சுமந்து வருதல். கழுவித் தோலுரித்துத் தும்பிலிருந்து களியைப் பிசைந்தெடுத்தல். பந்தலின்மேல் விரித்த ஓலைப்பாயிற் களியை மெல்லியதாக ஊற்றிக் காயவிடுதல். ஒரு படை காய்ந்தபின் மறுபடை ஊற்றுதல். மழைமுகில் திரண்டவுடன் ஓடிச்சென்று மூடுதல். இவ்வாறு பல நாள் சென்று தடித்த பனாட்டை வெட்டி மடித்து, புழு அணுகாவண்ணம் அடுக்களையிற் புகைபடும் இடத்திற் சேமித்தனர். அதன் ஒரு பகுதி பனம்பாணியில் ஊறிப் பாணிப்பனாட்டாயிற்று. களி நீங்கிய விதைகள் மழைக்கு முன்னர்ப் பாத்தியில் அடுக்கப்பட்டன. மூன்று நான்கு மாதத்தின் பின்னர்க் கிழங்கு கிண்டியெடுத்துத் தோல் நீக்கி, இரண்டாகக் கிழித்துப் பச்சையாக உலர்த்தினால் ஒடியல். அவித்து உலர்த்தினாற் புழுக்கொடியல். ஒடியலை இடித்து அரித்தெடுத்த மா கூழுக்கும் பிட்டுக்கும் உதவியது. அதன் கைப்பை நீக்க மாவை நீரில் ஊறவைத்து வடிக்கும் முறையும் தாய்வழியே மகளுக்கு வந்த அறிவாகும்.

இத்தொடரில் மண்ணை வெட்டிப் பாத்தி அமைப்பதும், பந்தற் கால் நடுவதும், கிழங்கு கிண்டுவதும் பெரும்பாலும் ஆண்களின் வேலைகள். ஏனையவை பெண்களின் கையில் நின்றன. வேலை பெண்ணுடையது என்பதனால் மட்டும் தீர்மானமும் பெண்ணுடையது ஆகிவிடாது. உலகெங்கும் பெண்கள் உழைத்து ஆண்கள் விற்ற பொருள்கள் பல. பனைப்பண்டங்களில் நிலைமை ஓரளவு வேறாயிருந்தமைக்குத் தக்க காரணங்கள் உண்டு.

முதலாவது, அப்பொருள் வீட்டுக்குள்ளே சேமிக்கப்பட்டது. அதன் அளவை அறிந்தவள் அடுக்களைக்கு உரியவள். இரண்டாவது, அது ஒரே நாளில் மொத்தமாக வெளியே போவதன்று. இன்று கூழுக்கு ஒரு சுண்டு மா, நாளை மணமாகிச் சென்ற மகளுக்கு ஒரு பெட்டி புழுக்கொடியல், மறுநாள் அயல்வீட்டுக்கு ஒரு துண்டு பனாட்டு என்று கையளவாகப் பிரிந்து செல்வது. கையளவாகப் பிரியும் பொருளுக்கு ஒவ்வொரு முறையும் குடும்பத் தலைவனின் உத்தரவைக் கேட்டு நிற்றல் இயலாது. மூன்றாவது, எது எப்போது காயும், எது எத்தனை மாதம் தாங்கும் என்னும் அறிவு அவளிடமே இருந்தது. அறிவு உள்ள இடத்திற் சொல்லுக்கும் மதிப்புண்டு.

இதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கத் தக்கது புகையிலை. ஒல்லாந்தர் காலம் முதலாக யாழ்ப்பாணத்துப் புகையிலை கடல் கடந்து திருவிதாங்கூருக்குச் சென்றது. அதனைப் பதப்படுத்துவதும் நுண்ணிய தொழிலே. இலையை வாட்டி, அடுக்கி, புகையூட்டி, கன்றிப்போகாது காத்தல் வேண்டும். அங்கும் பெண்கள் உழைத்தனர். ஆயின் புகையிலை உண்ணும் பொருளன்று. அது மொத்தமாக வணிகனிடம் சென்று மொத்தமாகப் பணமாகத் திரும்பியது. வணிகனோடு விலை பேசியவன் ஆண். முற்பணம் வாங்கியவனும், கடனுக்குக் கையெழுத்திட்டவனும் அவனே. ஒரே வீட்டில், ஒரே தம்பதியரிடத்தில், ஒரு பயிரின் சொல் ஆணிடமும் மற்றொன்றின் சொல் பெண்ணிடமும் இருந்தமை கவனிக்கத்தக்கது. பொருள் எவ்வடிவில் வீட்டைவிட்டு வெளியேறுகின்றது என்பதே தீர்மானம் யாருடையது என்பதைப் பெரிதும் நிர்ணயித்தது.

சட்டம் இதைப்பற்றி என்ன கூறிற்று? ஒல்லாந்த ஆளுநர் சீமோன்ஸ் காலத்தில், யாழ்ப்பாணத்துத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் 1707 ஆம் ஆண்டில் நாட்டு வழக்கங்களைத் திரட்டித் தேசவழமை என்னும் தொகுப்பை அமைத்தார். முதலியார் பன்னிருவர் அதனைப் பார்வையிட்டு உடன்பட்டனர். ஆங்கிலேயர் 1806 ஆம் ஆண்டில் அதற்குச் சட்டவலு அளித்தனர். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்னும் பிரிவுகள் அதன் தூண்கள். முற்காலத்தில் தந்தைவழிச் சொத்து ஆண்மக்களுக்கும் தாயின் சீதனம் பெண்மக்களுக்கும் சென்றது என அத்தொகுப்பே கூறுகின்றது. ஆதலால் பனங்காணி ஒன்று பெண்வழியாக இறங்கி வருதல் யாழ்ப்பாணத்திற் புதுமையன்று. பல வீடுகளில் வளவும் மரமும் மனைவியுடையனவாக இருந்தன.

எனினும் உரிமையும் ஆட்சியும் ஒன்றல்ல. விவாக உரிமைகள், மரபுரிமை ஆகியவை பற்றி யாழ்ப்பாணத்துக்கு இயற்றப்பட்ட 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், மனைவியின் தனிச்சொத்து கணவனின் கடனுக்குப் பொறுப்பாகாது என உறுதிசெய்தது. அசையும் பொருளை அவள் கணவனின் சம்மதமின்றியே கையாளலாம் என்றது. ஆனால் அசையாச் சொத்தை உயிருடன் இருக்கும்போது விற்கவோ ஈடுவைக்கவோ அவனது எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என விதித்தது. அவன் நியாயமின்றி மறுத்தால் அவள் மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியை நாட வேண்டியிருந்தது. 1947 ஆம் ஆண்டின் திருத்தத்தின் பின்னரும், தனிச்சொத்திலிருந்து மணவாழ்க்கைக் காலத்தில் எழும் வருவாய் தேடியதேட்டத்திலேயே சேர்ந்தது. தேடியதேட்டத்தை நடத்துவோன் கணவன் என்பதே நீதிமன்றங்கள் பெரும்பாலும் கொண்ட கருத்து.

இதன் விளைவை ஒரு பனைமரத்தைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். நிற்கும் மரம் அவளுடையது. ஆயினும் அது நிற்கும் நிலத்தை அவள் தனியே விற்க முடியாது. விழுந்த பழத்தின் வருவாய் ஏட்டளவில் இருவருக்கும் பொது. அதனை ஆள்பவன் அவன். ஆனால் அப்பழம் பனாட்டாகிப் புகைப்பரணில் ஏறியபின், அல்லது ஒடியலாகிப் பெட்டியில் நிறைந்தபின், எந்தப் பிரசித்த நொத்தாரிசும் அதற்கு உறுதி எழுதுவதில்லை. எந்த நீதிமன்றமும் அதன் கணக்கைக் கேட்பதில்லை. சட்டம் கொடுத்தும் கொடாமலும் விட்ட இடத்தை அவளது உழைப்பு நிரப்பிற்று. பதப்படுத்துதல் உணவைக் காத்ததோடு, சொல்லளவில் நின்ற உரிமையைக் கையளவிலாவது ஆட்சியாக்கிய வழியாகவும் அமைந்தது.

இது காணியுடையார் வீட்டு நிலை. அவ்வீடுகளிலும் கடின வேலையின் பெரும்பகுதியை மரபாகக் குடிமை செய்துவந்த குடும்பத்துப் பெண்களே சுமந்தனர் என்பதை மறைத்தல் வரலாற்று நேர்மையாகாது. அவர்களுக்குக் கிடைத்த கூலி பழமாகவும் கிழங்காகவும் அளக்கப்பட்டது. அளந்த கை வீட்டுக்காரியுடையது. ஒரு பெண்ணின் தீர்மானம் மற்றொரு பெண்ணின் உணவை அளந்தது.

மரமேறும் தொழிலாளர் வீட்டிலோ தீர்மானம் ஒரு சிறு முட்டியிலே தங்கியிருந்தது. பாளையிற் கட்டும் முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் இறங்குவது இனிய கருப்பநீர், பூசாவிடின் கள். கள் காலையிலேயே தவறணைக்குப் போய் ஆணின் கையிற் காசாகும். கருப்பநீரோ வீட்டுக்கு வந்து, பெண் விறகு தேடி மணிக்கணக்காகக் காய்ச்சி, பதம் பார்த்துக் குட்டான்களில் வார்க்கப் பனங்கட்டியாகும். அதனைச் சந்தைக்குச் சுமப்பவளும் பெரும்பாலும் அவளே. ஆகவே சுண்ணாம்பிடுவதா, விடுவதா என்னும் வினாவில், அன்றைய உழைப்பின் பயன் யார் மடியில் விழும் என்னும் வினாவும் அடங்கியிருந்தது. விறகில்லாத நாளிலும், அவள் நோயுற்ற நாளிலும், கைக்குழந்தை அழுத நாளிலும் அவ்வினாவுக்கு விடை தானாகவே கள்ளாயிற்று. அரசு கள்ளுக்கு உரிமம் விதித்து அதனை ஏட்டில் எழுதியது. விறகடுப்பின் முன்னர்ச் சென்ற நேரத்தை எந்த ஏடும் எழுதவில்லை.

இருபதாம் நூற்றாண்டு இந்நிலையைப் பலவாறு அசைத்தது. இரண்டாம் உலகப் போரிற் பர்மா அரிசி நின்று, 1942 ஆம் ஆண்டிற் பங்கீடு வந்தபோது ஒடியற் கூழ் மீண்டும் மதிப்புப் பெற்றது. போரின் பின்னர் மலிவான கோதுமை மாவும் பாணும் கிராமங்களில் நுழைந்தன. ஒடியல் இடித்த உரல்கள் ஓய்ந்தன. நெல்லுக்கு ஆலை வந்தது. பெண்ணின் தோள்வலி குறைந்தது. குத்துக்கூலியால் வாழ்ந்த ஏழைப்பெண்ணின் வருவாயும் அதனோடு குறைந்தது. 1970களில் மரமேறும் தொழிலாளருக்கெனக் கூட்டுறவுச் சங்கங்கள் எழுந்தன. 1978 ஆம் ஆண்டிற் பனை அபிவிருத்திச் சபை தோன்றியது. கைதடியில் ஆராய்ச்சி நிலையமும் அமைந்தது. இவை தொழிலாளரைத் தவறணைக் குத்தகைக்காரரின் பிடியிலிருந்து விடுவிக்க முயன்ற நற்பணிகள். ஆயினும் ஏறுபவரை அடிப்படையாகக் கொண்ட அமைப்பில், காய்ச்சுபவளின் பெயர் எங்கே எழுதப்படும் என்னும் கேள்வி இயல்பாகவே எழும். பொருள் முற்றத்தைவிட்டுத் தராசுக்குச் சென்றவுடன் கையளவு ஆட்சி கணக்கேட்டு ஆட்சியாகின்றது. அவ்வேட்டிற் பெயரில்லாதவர் தீர்மானத்திலும் இல்லாதவராகின்றனர்.

பின்னர் நேர்ந்தது பெருந்துயர். போரில் எண்ணற்ற பனைகள் தறிக்கப்பட்டுக் காவலரண்களாயின. 1990 ஆம் ஆண்டின் பின்னர் வந்த பொருளாதாரத் தடைக் காலத்திற் சீனிக்கு ஈடாகப் பனங்கட்டியும் மாவுக்கு ஈடாக ஒடியலும் மீண்டும் வீடுகளுக்குத் துணையாயின. பாட்டிமாரிடமிருந்த அறிவு பேத்திமாருக்குத் தேவைப்பட்டது. 1995 ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் வீடுகளை விட்டு வெளியேறியபோது, பாத்தியில் இட்ட விதைகளும் பரணிலிருந்த பனாட்டும் பின்னே நின்றன. 2009 ஆம் ஆண்டிற் போர் முடிந்தபின், கணவனை இழந்தும் தேடியும் வாழ்ந்த பெண்கள் பலர் குடும்பத் தலைவியராயினர். அவ்வீடுகளிற் தீர்மானம் முழுவதும் பெண்ணுடையதாயிற்று. ஆனால் அது வழமை கொடுத்த உரிமையன்று, இழப்பு ஏற்றிய சுமை. பாத்தி வெட்டுவதற்கும் மரம் ஏறுவதற்கும் பிறரைக் கூலிக்கு அமர்த்த வேண்டியவளுக்குத் தீர்மானிக்கும் அதிகாரம் மட்டும் சோறு போடாது.

இவ்வரலாற்றிலிருந்து பெறத்தக்க உண்மை ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்குச் சீதனம் சொத்தைக் கொடுத்தது. அதனை ஆளும் உரிமையை முழுமையாகக் கொடுக்கவில்லை. கொடாத பகுதியை அவள் வெயிலோடும் புகையோடும் போராடித் தன் அறிவாற் பெற்றாள். இன்று பனாட்டும் புழுக்கொடியலும் அழகிய பொதிகளில் கடல் கடந்து புலம்பெயர்ந்தோர் இல்லங்களுக்குச் செல்கின்றன. அது மகிழத்தக்கதே. ஆனால் பொதி பெருகப் பெருக, முன்னர்ப் புகையிலைக்கு நேர்ந்தது பனைக்கும் நேரலாகாது. சங்க ஏட்டிலும், வங்கிக் கணக்கிலும், விலைபேசும் இடத்திலும் அவள் பெயர் இருத்தல் வேண்டும். முற்றத்தில் ஒரு காலத்தில் அவளுக்கிருந்த சொல் சந்தையிலும் நிலைத்தாலன்றி, தொழில் வளர்ந்தது என்று கூறலாமேயன்றி, அத்தொழிலைக் காத்தவள் வளர்ந்தாள் என்று கூறுதல் இயலாது.