யாருடைய குதிரை

இரண்டு வருடம் முன்பு, ஒரு ஜூலை மாதம். ஊட்டியில் சீசன் முடிந்து மழை பிடித்திருந்தது. இரவு ஒன்பது மணி இருக்கும். பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீ குடிக்க நின்றேன். எதிரே குப்பைத் தொட்டிக்குள் தலையை விட்டு ஒரு மட்டக்குதிரை துழாவிக்கொண்டிருந்தது. பின்னங்கால் ஒன்றைத் தரையில் ஊன்றவே இல்லை. நின்ற இடத்திலிருந்தே விலா எலும்புகளை எண்ணிவிடலாம். கழுத்தில் மட்டும், சீசனுக்கு யாரோ கட்டிய சிவப்புக் குஞ்சத்தின் மிச்சம் நனைந்து தொங்கியது.

"யாரோட குதிரைண்ணே இது?" என்று கேட்டேன்.

கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "ஓடுற வரைக்கும் ஆளு இருந்தாங்க தம்பி. இப்ப யாரோடதும் இல்ல."

விலங்குகள் காப்பகம் ஒன்றின் எண்ணைத் தேடி போன் செய்தேன். காலையில் வண்டி அனுப்புவதாகச் சொன்னார்கள். காலையில் போய்ப் பார்த்தபோது குதிரை அங்கே இல்லை. மார்க்கெட் வரை நடந்து தேடினேன். கிடைக்கவில்லை. பதினோரு மணி பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்திருந்தேன், கிளம்பி வந்துவிட்டேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. ஆனால் 'இப்ப யாரோடதும் இல்ல' என்ற அந்த வார்த்தை கூடவே வந்தது. அதன் பின்னால் போய், கைவிடப்பட்ட குதிரைகளைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். வாசிப்பு என்னை 1930ஆம் வருடத்து கெய்ரோவில் கொண்டுபோய் நிறுத்தியது.

*

முதலில் ஒரு எளிய கணக்கு. குதிரை இருபத்தைந்து, முப்பது வருடம் உயிர் வாழும். கடுமையான வேலை பார்க்க முடிவது பதினைந்து வயது வரை என்று வைத்துக்கொள்ளலாம். பந்தயக் குதிரை என்றால் ஐந்து, ஆறு வயதிலேயே ஓட்டம் முடிந்துவிடும். மிச்சமுள்ள பத்து, இருபது வருடமும் அது தின்றாக வேண்டும். தன் எடையில் ஐம்பதில் ஒரு பங்கு தீவனம், தினமும். நானூறு கிலோ குதிரைக்கு எட்டுக் கிலோ. கூடவே ஆறு, எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ வேண்டும், அவ்வப்போது பல்லை ராவ வேண்டும். வேலை நின்ற அன்று வருமானம் நிற்கிறது, செலவு நிற்பதில்லை. ஆகவே வேண்டாத குதிரை உருவாக ஒரு வில்லன் தேவையில்லை. கூட்டல் கழித்தலே போதும்.

இந்தக் கணக்கைத் தனி மனிதர் போட்டால் ஒரு குதிரை தெருவுக்கு வரும். ஒரு பேரரசு போட்டால் என்ன ஆகும் என்பதுதான் கெய்ரோவின் கதை.

அந்தக் கதையில் வரும் குதிரைகளில் பெரும்பங்கு 'வேலர்' இனம். அய்யனாருக்கு மண்குதிரை செய்கிற நம்மூர் வேளார் அல்ல. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலிருந்து கப்பலில் வந்ததால், இங்கே இந்தியாவில் இருந்த ராணுவக்காரர்கள் வைத்த பெயர் வேலர். சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலத்திலேயே அவை இந்தக் கரைக்கு வந்திருக்கின்றன. 1834இன் சென்னைக் கடற்கரையைக் காட்டும் ஓவியம் ஒன்றில், ஆஸ்திரேலியக் குதிரைகள் அலைக்குள் நீந்திக் கரையேறுகின்றன, சுற்றிலும் கட்டுமரங்களும் மசூலாப் படகுகளும் நிற்கின்றன. ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் ராணுவத்துக்கான குதிரைப் பண்ணை இருந்தது. இன்று அது கால்நடைப் பண்ணை.

கடல் தாண்டிக் குதிரை வாங்குவது நமக்கு இன்னும் பழைய பழக்கம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பார்த்த மார்க்கோ போலோ, இங்குள்ள அரசர்கள் வருடத்துக்கு இரண்டாயிரத்துக்கும் மேல் குதிரைகள் வாங்குவதாகவும், வருடக் கடைசியில் அதில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும் எழுதுகிறார். அவர் சொல்லும் காரணம், பராமரிக்கத் தெரியாதது. பயணி சொல்லும் கணக்கு, கொஞ்சம் மிகை இருக்கும். ஆனாலும் வாங்குவதில் காட்டிய அக்கறை வைத்துக் காப்பாற்றுவதில் இல்லை என்ற குற்றச்சாட்டு அப்போதே வந்துவிட்டது.

*

முதல் உலகப் போரில் ஆஸ்திரேலியா ஏறத்தாழ 1,36,000 குதிரைகளைக் கடல் கடந்து அனுப்பியது. பிரான்ஸின் சேற்றில் குதிரைப்படைக்குப் பெரிய வேலை இருக்கவில்லை. ஆனால் சினாய், பாலஸ்தீனப் பாலைவனங்களில் குதிரை இல்லாமல் போரே இல்லை. 1917 அக்டோபர் 31 மாலை, பீர்ஷெபாவில் ஆஸ்திரேலியக் குதிரை வீரர்கள் துருக்கிய அகழிகளை நோக்கிப் பாய்ந்தார்கள். வாள் இல்லை, கையில் துப்பாக்கிச் சனியன்தான். அந்த ஊரின் கிணறுகளை இருட்டுவதற்குள் பிடித்தாக வேண்டும், ஏனென்றால் குதிரைகளில் பல ஒரு நாளுக்கு மேல் தண்ணீர் பார்த்திருக்கவில்லை. அடுத்த வருடம் செப்டம்பர் 23 அன்று ஜோத்பூர், மைசூர் லான்சர்கள் ஹைஃபா நகரைப் பிடித்தார்கள். இவை எல்லாம் பாடப்புத்தகத்தில் வரும், சிலை வைத்திருக்கிறார்கள், வருடாவருடம் விழாவும் எடுக்கிறார்கள்.

போர் முடிந்த மறுமாதம் என்ன நடந்தது என்பதற்குச் சிலை இல்லை.

ஆஸ்திரேலியக் குதிரைகள் ஊர் திரும்ப முடியாது என்று முடிவானது. கப்பல் செலவு ஒரு பக்கம், நோய்த்தொற்றுக்கான தடை இன்னொரு பக்கம். மத்திய கிழக்கில் அப்படி மிஞ்சியவை 13,000 அளவில். வயதானவை, நோயுற்றவை என்று சுமார் 2,000 குதிரைகளைக் கழித்துக்கட்டினார்கள். கொல்வதற்கு முன் லாடத்தைக் கழற்றினார்கள், பிடரியையும் வாலையும் கத்தரித்தார்கள். இரும்புக்கு விலை உண்டு, குதிரை முடிக்கும் விலை உண்டு. மற்றவை விற்கப்பட்டன. அவற்றில் பெரும்பான்மை பிரிட்டிஷ் ராணுவத்துக்கும் இந்தியாவுக்கும் போயின. 1,36,000இல் தாய்நாடு திரும்பியது ஒரே ஒரு குதிரை. பெயர் சாண்டி. கலிப்போலியில் காயம்பட்டுச் செத்துப்போன ஜெனரல் பிரிட்ஜஸின் குதிரை.

'எங்க தாத்தா தன் குதிரையை விற்க விடாம தானே சுட்டுட்டு வந்தாரு' என்ற கதை ஆஸ்திரேலியக் குடும்பங்களில் இன்றும் உலவுகிறது. பெரும்பாலான வரலாற்றாய்வாளர்கள் இதை ஏற்பதில்லை. ஆனாலும் ஒரு பொய்க்கதையை இத்தனை குடும்பங்கள் நூறு வருடமாக ஏன் சொல்லிக்கொண்டிருக்கின்றன? விட்டுவிட்டு வந்தோம் என்று சொல்வதைவிடக் கொன்றுவிட்டு வந்தோம் என்று சொல்வது அவர்களுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. ஊட்டியிலிருந்து பதினோரு மணி பஸ் பிடித்தவனுக்கு இது புரிகிறது.

ஆஸ்திரேலியக் குதிரை, பிரிட்டனிலிருந்து போன குதிரை எல்லாம் சேர்த்து, எகிப்தில் மட்டும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ராணுவக் குதிரைகளை பிரிட்டிஷ் அரசு விற்றது. வாங்கியவர்கள் கெய்ரோவின் வண்டிக்காரர்கள், கல் குவாரிக்காரர்கள், சில்லறை வியாபாரிகள். பணம் கஜானாவுக்குப் போனது. கோப்பு மூடப்பட்டது.

*

பன்னிரண்டு வருடம் கழித்து, 1930இல், டோரத்தி புரூக் என்ற பெண் கெய்ரோவுக்கு வருகிறார். எகிப்திலிருந்த பிரிட்டிஷ் குதிரைப்படைக்குத் தலைமை ஏற்று வந்த ஜெஃப்ரி புரூக்கின் மனைவி. போரில் சண்டையிட்ட குதிரைகள் இங்கேதான் எங்கோ இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். தேடினார். தெருவிலேயே கிடைத்தன. எலும்பும் தோலுமாக, சேணம் உரசிய இடமெல்லாம் புண்ணாக, சில கண் தெரியாமல், கல் வண்டி இழுத்துக்கொண்டிருந்தன. தோலில் ராணுவ முத்திரை மட்டும் அழியாமல் இருந்தது. போர் முடிந்தபோது எட்டு வயதுக் குதிரை என்றால் இப்போது இருபது வயது.

1931 ஏப்ரல் 16 அன்று லண்டனின் 'மார்னிங் போஸ்ட்' பத்திரிகையில் அவருடைய கடிதம் வெளியானது. உங்கள் போரை நடத்திய குதிரைகள் இங்கே இந்த நிலையில் இருக்கின்றன, வாங்கி விடுவிக்கப் பணம் அனுப்புங்கள் என்பதுதான் சாரம். பணம் வந்து குவிந்தது. கமிட்டி போட்டார். அடுத்த மூன்று, நான்கு வருடங்களில் சுமார் 5,000 குதிரைகளை வாங்கினார்.

இந்த இடத்தில் நம் மனம் ஒரு பச்சைப் புல்வெளியைக் கற்பனை செய்கிறது. மீட்கப்பட்ட குதிரைகள் வாலை உயர்த்திக்கொண்டு ஓடுகின்றன, பின்னணியில் வயலின். நடந்தது அதுவல்ல. வாங்கியவற்றில் மிகப் பெரும்பாலானவற்றை டோரத்தி வலியின்றிக் கொல்ல ஏற்பாடு செய்தார். அவற்றால் இனி வாழ முடியாது. முதலில் சில நாட்கள் தொழுவத்தில் வைத்திருப்பார்கள். நல்ல தீவனம், தண்ணீர், தடிமனாகப் பரப்பிய வைக்கோல். பிறகு முடித்துவிடுவார்கள்.

வைக்கோலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்று நமக்குத் தெரியும். காலின் மூட்டுகளைப் பூட்டிக்கொண்டு அதனால் கண்ணயர முடியும். ஆனால் அது அரைத்தூக்கம்தான். ஆழ்ந்த தூக்கத்துக்குக் குதிரை படுத்தாக வேண்டும். படுக்க இடம் வேண்டும், பயமில்லாமல் இருக்க வேண்டும், எழுந்திருக்கத் தெம்பு வேண்டும். இந்தக் குதிரைகள் பல வருடங்களாகச் சரியாகப் படுத்தே இருக்காது. அவற்றுக்கு அந்தப் பெண் கொடுத்தது புல்வெளி இல்லை, சில ராத்திரித் தூக்கம்.

இதை மீட்பு என்று சொல்லலாமா? முதல்முறை வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது. கொல்வதற்கா காசு அனுப்பினார்கள்? பிறகு நோஞ்சான் குதிரையைத் தேற்றுவது எப்படி என்று வாசித்தேன். நெடுநாள் பட்டினி கிடந்த குதிரைக்கு இரக்கப்பட்டு ஒரு வாளி தானியம் வைத்தால், அந்த இரக்கமே அதைக் கொன்றுவிடலாம். உடம்பு அதைத் தாங்காது. புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக, நாளுக்குப் பல தடவை கொடுத்து மாதக்கணக்கில் ஏற்ற வேண்டும். இளம் குதிரை தேறும். இருபது வயதில், மூட்டெல்லாம் தேய்ந்த குதிரைக்கு அந்த மாதங்கள் முழுக்க வலிதான். தேற்ற முடிந்ததைத் தேற்றுவது, முடியாததை இழுத்தடிக்காமல் இருப்பது, இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிவதுதான் இந்தத் தொழிலின் பாதி என்று இப்போது நினைக்கிறேன். அந்தத் தீர்மானத்தை ஆயிரக்கணக்கான முறை எடுத்தவரின் இரவுகள் எப்படி இருந்திருக்கும் என்று தெரியவில்லை.

*

இன்னொரு கேள்வி இதைவிடக் கஷ்டமானது. முத்திரை இருந்தால் வாங்குவார்கள். முத்திரை இல்லாத குதிரை? அதே தெருவில், அதே புண்களோடு, அதே கல் வண்டியை இழுக்கும் எகிப்தியக் குதிரையும் கழுதையும் இந்தக் கணக்கில் வராது. லண்டன் வாசகர்கள் பணம் அனுப்பியது 'நம்முடைய' குதிரைகளுக்கு. விற்றது யார் என்ற கேள்வியைவிட, வாங்கியவர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்ற கேள்வி கேட்க வசதியானது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டோரத்தி இந்த வசதியான இடத்தில் நிற்கவில்லை என்பதுதான் அவரை முக்கியமானவராக்குகிறது. விற்க வருகிறவர்களின் வறுமையை அவர் நேரில் பார்த்தார். குதிரையின் விலா எலும்பு தெரிகிறது என்றால் அதை ஓட்டுகிறவனின் வீட்டிலும் அடுப்பு சரியாக எரியவில்லை என்று அர்த்தம். கிழட்டுக் குதிரையை வாங்கிக்கொண்டு பணம் கொடுத்தால் அவன் இன்னொன்றை வாங்குவான், அதுவும் பத்து வருடத்தில் இதே நிலைக்கு வரும். வாங்குவதால் அந்த ஒரு குதிரையின் துயரம் முடியும், தெரு அப்படியே இருக்கும்.

1934இல் கெய்ரோவின் சையிதா ஜைனப் பகுதியில் 'பழைய போர்க்குதிரைகள் நினைவு மருத்துவமனை' தொடங்கப்பட்டது. பெயர்தான் போர்க்குதிரை. வேலை செய்யும் எந்தக் குதிரைக்கும் கழுதைக்கும் இலவச சிகிச்சை. முத்திரை பார்க்கவில்லை. டோரத்தி 1955இல் கெய்ரோவிலேயே இறந்தார், அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர் பெயரால் இன்று இயங்கும் அமைப்பு இந்தியாவின் செங்கல் சூளைகளிலும் வேலை செய்கிறது. அங்கே அவர்கள் குதிரைகளை விலைக்கு வாங்கிக் குவிப்பதில்லை. லாடம் அடிப்பவருக்குச் சரியாக அடிக்கக் கற்றுத் தருகிறார்கள், வண்டிக்காரருக்குப் புண்ணைக் கவனிக்கச் சொல்லித் தருகிறார்கள்.

நம் அய்யனார் கோயில்களில் மண்குதிரை பழசானால் யாரும் எடுத்துப் போடுவதில்லை. புதியது பக்கத்தில் வரும். பழையது காது உடைந்து, கால் உடைந்து, மழையில் கரைந்து, நின்ற இடத்திலேயே மண்ணாகும். சின்ன வயதில் அது எனக்கு அலட்சியமாகத் தெரிந்தது. இப்போது அப்படித் தெரியவில்லை. வேலை முடிந்த பிறகும் அதற்கென்று ஒரு இடம் இருக்கிறது.

போன மாதம் மறுபடி ஊட்டி போனேன். அதே டீக்கடை, அதே ஆள். அவருக்கு என்னை ஞாபகமில்லை, அந்தக் குதிரை ஞாபகமிருந்தது. அன்று ராத்திரியே ஏரிக்கரைப் பக்கம் போய் விழுந்துவிட்டதாம். குதிரை ஓட்டும் பையன்கள் இரண்டு பேர், அது அவர்களுடைய குதிரைகூட இல்லை, விடிய விடியத் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். டாக்டர் வந்து ஊசி போட்டாராம்.

"பொழைச்சிச்சாண்ணே?"

"இல்ல தம்பி. கஷ்டப்படாம போச்சு."

காப்பக எண்ணை ஒரு அட்டையில் பெரிதாக எழுதி, அவர் கடைச் சுவரில் ஒட்டிவிட்டு வந்திருக்கிறேன்.