கலவைக் கல்லூரியின் கதவு: புதுச்சேரிச் சான்றும் தனியார் கல்வி வாதமும்

பள்ளிக் கல்வியைத் தனியாரிடம் விட்டுவிடலாம் என்போர் வரலாற்றுத் துணைக்கு நாடும் நூல்களுள் ஒன்று, ஜேம்ஸ் டூலி 2009இல் வெளியிட்ட ‘தி பியூட்டிஃபுல் ட்ரீ’. சென்னை மாகாணத்தில் ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கிவைத்த பள்ளிக் கணக்கெடுப்பை, வரலாற்று ஆய்வாளர் தரம்பால் 1983இல் தொகுத்தளித்த ஆவணங்களின் வழியே டூலி எடுத்தாள்கிறார். அக்கணக்கின்படி 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். பெற்றோர் தந்த கட்டணத்தில் ஊர்ப் பள்ளிகள் தழைத்திருந்தன, அரசு புகுந்ததால் பட்டுப்போயின என்பது அவர் வாசிப்பு.

இதில் ஒரு பாதி ஏற்கத்தக்கதே. தமிழ் மாவட்டங்களின் திண்ணைப் பள்ளிகளில் சூத்திரர் எனப் பதியப்பட்டோரே மிகுதி என்று தரம்பால் காட்டியது, பிராமணர் மட்டுமே படித்தனர் என்ற எண்ணத்தை உடைத்தது. ஆனால் டூலி உள்ளே இருந்தவர்களை எண்ணுகிறார்; வெளியே நின்றவர்களை எண்ணவில்லை. அதே கணக்கில் பெண்பிள்ளைகள் 4,540 பேர்தாம். நூற்றுக்கு மூவர்கூட இல்லை. கட்டணம் வாங்கும் ஆசிரியர் பெற்றோருக்குக் கட்டுப்பட்டவர் என்பதை அவர் சிறப்பாகச் சொல்கிறார். தம் பிள்ளை அருகே யார் உட்காரக் கூடாது என்று பெற்றோர் விதிக்கவும் அதே கட்டுப்பாடுதான் இடம் தந்திருக்கும்.

மன்றோவின் கணக்கு பிரெஞ்சுப் புதுச்சேரியைத் தொடவில்லை. அங்கே மிஷன் வீதியிலுள்ள கலவைக் கல்லூரியைப் பார்க்கவேண்டும். கலவை சுப்பராய செட்டியார் பெயர் தாங்கிய இந்தத் தனியார் நிறுவனத்தின் தொடக்கம் 1877 எனக் குறிக்கப்படுகிறது. உயர்சாதி இந்துப் பிள்ளைகளுக்கு பிரெஞ்சுக் கல்வி தருவதே அதன் நோக்கம். 1885இல் தாழ்த்தப்பட்டோருக்கும் யூரேசியருக்கும் கதவு திறந்தது. பள்ளி அரசின் கைக்கும் மாறியது. அந்த மாற்றமும் இந்தத் திறப்பும் ஒரே ஆணையில் நடந்தனவா, அடுத்தடுத்து நடந்தனவா என்பதை இங்கே முடிவுகட்டவில்லை. திறப்பே முந்தியது என்று கொண்டாலும் வாதம் நிற்கும். பிரான்சில் ஜூல் ஃபெரியின் சட்டங்கள் 1881இல் தொடக்கக் கல்வியை இலவசமாக்கி, 1882இல் கட்டாயமாக்கியிருந்தன. அந்தக் குடியரசின் ஆட்சிக்குட்பட்ட ஊரில் நேர்ந்த திறப்பைப் பெற்றோரின் கட்டணத்தாலோ பள்ளிகளின் போட்டியாலோ விளக்குவது கடினம். அதே 1882இல் பிரிட்டிஷ் இந்தியாவில் அமைந்த ஹண்டர் குழுவோ, உயர்நிலைக் கல்வியை மானியத்துடன் தனியாரிடம் படிப்படியாக விடப் பரிந்துரைத்தது.

இதனால் அரசு நடத்தினாலே பள்ளி பொதுவாகிவிடும் என்று பொருளில்லை. ஆளுநர் தெபாசேன் தெ ரிஷ்மோன் 1826இல் நிறுவிய அரசக் கல்லூரி முதலில் ஐரோப்பியர் பிள்ளைகளுக்கானதே. ஆயினும் அரசுச் சம்பளத்துக்கு வேறொரு பயன் உண்டு. கலவைக் கல்லூரியில் படித்த கனகசுப்புரத்தினம் 1909இல் அரசுப் பள்ளித் தமிழாசிரியரானார். 1946வரை அப்பணியில் இருந்தபடியே பாரதிதாசனாகச் சாதியையும் மூடநம்பிக்கையையும் சாடினார். கட்டணம் தரும் பெற்றோரை நம்பிப் பிழைக்கும் ஆசிரியருக்கு அந்தத் துணிவு எளிதாக வாய்த்திராது.

ஒரு பள்ளியின் சான்றைக் கொண்டு பொதுவிதி வகுக்க முடியாது. ஆனால் சென்னை மாகாணக் கணக்கை மட்டும் காட்டி அரசு விலகவேண்டும் என்பதற்கு, புதுச்சேரி வலுவான மறுப்பு. கலவைக் கல்லூரி இன்று அரசு மேல்நிலைப் பள்ளி.