சித்தப்பாவின் ஹெரால்டு: அடிக்கு ஒரு அங்குலம்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

மூன்று மாதமாக எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பாதி என் கையில்தான் இருக்கிறது. சித்தப்பா வைத்திருந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைச் சிறிய அளவில் செய்துகொண்டிருக்கிறேன். பள்ளிக் கண்காட்சிக்குப் பிள்ளைகளோடு சேர்ந்து எரிமலையும் அணைக்கட்டும் செய்த அனுபவம்தான் துணை.

சித்தப்பா திண்டிவனத்தில் பம்புசெட்டு உதிரிபாகக் கடை வைத்திருந்தார். 1974இல் பழைய ஹெரால்டு ஒன்றை வாங்கினார். இரண்டே கதவு. முன் சீட்டை மடக்கினால்தான் பின்னால் ஏற முடியும். பாட்டி ஒவ்வொரு முறையும் அவரைத் திட்டிக்கொண்டே ஏறுவார். மெட்ராஸ் போகும்போது வண்டலூரைத் தாண்டியதும் ஒரு தொழிற்சாலை வரும். அங்கே ஒரு ஹாரன் அடித்து, "நம்ம வண்டி பொறந்த வீடுடா" என்பார்.

அந்தப் பிறந்த வீட்டின் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1948இல் சென்னையின் யூனியன் கம்பெனியும் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் சேர்ந்து 'ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா'வைத் தொடங்கின. முதலில் வேன்கார்டு கார்கள். அப்போது ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும்கூட பாகங்களைக் கப்பலில் கொண்டுவந்து இந்தியாவில் பூட்டி விற்றுக்கொண்டிருந்தன. வெறுமனே பூட்டி விற்பது போதாது, பாகங்களையும் இங்கேயே படிப்படியாகச் செய்ய வேண்டும் என்று 1953இல் அரசு முடிவெடுத்ததும் அந்த இரண்டு கம்பெனிகளும் மூட்டை கட்டின. பிறகு நம் சாலைகளில் ஓடிய கார்கள் பெரும்பாலும் மூன்றே வகைதான்: கல்கத்தா பக்கத்து உத்தர்பாராவின் அம்பாசடர், பம்பாய் குர்லாவின் ஃபியட், பெருங்களத்தூர் வண்டலூர் பக்கத்து ஸ்டாண்டர்டு.

ஹெரால்டு பிறந்த விதமே தனி. 1953இல் இங்கிலாந்தில் கார்க் கூடு செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்டு லட்லோ நிறுவனத்தை, போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழுக் கூட்டையும் ஒரே துண்டாகச் செய்துதர ஸ்டாண்டர்டுக்கு ஆள் இல்லை. அதனால் கீழே இரும்புச் சட்டம், அதன்மேல் தனித்தனியாகச் செய்த துண்டுகளை போல்ட் போட்டு முடுக்குவது என்று முடிவானது. இத்தாலியின் தூரின் நகரத்து வடிவமைப்பாளர் ஜொவான்னி மிக்கெலோட்டி உருவம் வரைந்தார். 1959இல் இங்கிலாந்தில் 'டிரையம்ஃப் ஹெரால்டு' என்ற பெயரில் வந்தது. துண்டு துண்டாக அனுப்பிப் பூட்டுவதற்கு வசதியான வண்டி. 1961இல் சென்னையில் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' ஆனது. 1960களின் பிற்பகுதியில் நம் குடும்பங்களுக்காக நான்கு கதவும் வைத்தார்கள். அது இந்தியாவில் மட்டுமே செய்யப்பட்டது. பாட்டிக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை.

இனி என் வேலைக்கு வருகிறேன். என்னிடம் இருந்தது ஒரே ஒரு புகைப்படம். 1979இல் அக்கா கல்யாணத்தன்று வீட்டு வாசலில் பக்கவாட்டில் நிற்கும் வண்டி. ஹெரால்டின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 91½ அங்குலம். படத்தில் அளந்தால் 61 மில்லிமீட்டர். அப்படியானால் படத்தில் ஒரு மில்லிமீட்டர், வண்டியில் ஒன்றரை அங்குலம். அடிக்கு ஒரு அங்குலம் என்று, அதாவது பன்னிரண்டில் ஒரு பங்காக, மாதிரி செய்தால் அந்த ஒன்றரை அங்குலம் அரைக்கால் அங்குலமாகும். தச்சர் கணக்கில் ஒரு நூல்! படத்தில் எத்தனை மில்லிமீட்டரோ, மாதிரியில் அத்தனை நூல். ஐந்தாம் வகுப்பு விகிதக் கணக்குதான். இத்தனை வருடம் கரும்பலகையில் போட்டது அன்றுதான் எனக்கே உதவியது.

நீளம் 12¾ அங்குலம், அகலம் 5. கூட்டுக்கு சன் போர்டு. வளைவுகளுக்கு எம்-சீலை இழைத்து உப்புத்தாள் போட்டேன். அச்சுக்கு சைக்கிள் ஸ்போக், டயருக்குப் பழைய ஹவாய் செருப்பு. படம் கறுப்பு வெள்ளை. வண்டி பச்சை என்று நான் அடித்துச் சொன்னேன். சித்தி, "நான் தொடச்ச வண்டிப்பா, வெளிர் நீலம்" என்றார். நீலமே அடித்தேன்.

சித்தப்பாவுக்கு இப்போது 87 வயது. ஞாபகம் விட்டுவிட்டு வருகிறது. இரண்டு வருடமாக என்னைக் காலமான என் அப்பா என்று நினைத்து, "வாங்கண்ணா" என்கிறார். நானும் திருத்துவதில்லை.

வண்டியை மடியில் வைத்தேன். பேசவில்லை. இரண்டு கைகளாலும் பிடித்து, கதவுக்குச் சற்று முன்னால் இருபக்கமும் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். எனக்குப் புரியவில்லை. சித்தி சொன்னார்: "கொக்கியத் தேடறார்ப்பா." அப்போதுதான் உறைத்தது. ஹெரால்டில் இருபக்கக் கொக்கியையும் விடுவித்தால், மட்கார்டோடு சேர்ந்து முன்பகுதி முழுவதும் கண்ணாடிப் பக்கமிருந்து எழும்பி முன்னால் சாயும். நான் அதை அசையாதபடி ஒட்டிவிட்டிருந்தேன். எனக்கு வண்டி என்றால் பின் சீட்டு ஜன்னல். அவருக்கு அதைத் திறந்து சக்கரத்தின் மேல் உட்கார்ந்து ரிப்பேர் பார்த்த ஞாயிற்றுக்கிழமைகள்.

அந்த ரிப்பேர்தான் கடைசியில் முடியாமல் போனது. ஹெரால்டுக்குப் பின் கெசல் வந்தது, அதுவும் நின்றது. 1985இல் ரோவர் காரின் உருவத்துக்குள் பழைய வேன்கார்டு காலத்து இன்ஜினை வைத்து 'ஸ்டாண்டர்டு 2000' வந்தது. எடுபடவில்லை. 1988இல் அதுவும் முடிந்தது. அதற்குள் சித்தப்பாவுக்கு உதிரிபாகம் கிடைப்பது நின்றுபோயிருந்தது. 1986இல் வண்டியை எடைக்குப் போட்டார். ஆட்கள் வந்து தள்ளிக்கொண்டு போனபோது அவர் கடையைவிட்டு வெளியே வரவில்லை. ஊருக்கே உதிரிபாகம் விற்றவர் அவர்.

வீட்டுக்கு வந்து முன்பகுதியை அறுத்தெடுத்தேன். ஒரு வாரம் பிடித்தது. முன்னால் ஸ்போக்கையே கீலாக வைத்து, இருபக்கமும் கொண்டை ஊசியில் கொக்கி செய்தேன்.

போன ஞாயிறு மீண்டும் கொடுத்தேன். இரண்டு கொக்கியையும் அவரே விடுவித்தார். தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். காலி. நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கேட்டார்:

"இன்ஜின் எங்கடா?"

அப்பாவை அவர் ஒருநாளும் 'டா' போட்டதில்லை.

948 சி.சி., நான்கு சிலிண்டர். பொங்கலுக்குள் செய்துவிடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஹெரால்டு வைத்திருந்தவர்கள், ஓட்டியவர்கள் யாராவது இருந்தால் பின்னூட்டத்தில் எழுதுங்கள். கார்புரேட்டர் எந்தப் பக்கம் என்பதிலிருந்து எல்லாம் வேண்டும். இந்த முறை தப்பு விட்டால் அவர் கண்டுபிடித்துவிடுவார்.