தைராய்டு குறைவு: உடல் வெப்பமும் மூளையும்

கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே இருக்கும் தைராய்டு சுரப்பி, உடலுக்கு வேண்டிய அளவு ஹார்மோனைச் சுரக்காத நிலையே தைராய்டு குறைவு. குளிர் தாங்காமை, சோர்வு, மலச்சிக்கல், எடை கூடுதல் ஆகியவை பலரும் அறிந்த அறிகுறிகள். மறதி, பேச்சிலும் சிந்தனையிலும் மந்தம், மனச்சோர்வு ஆகியவையும் இதனால் வரும். ஆனால் இவை வயதின் கோளாறு என்றோ மனக்கவலை என்றோ ஒதுக்கப்பட்டுவிடுவதுண்டு.

சுரப்பி வெளியிடும் ஹார்மோனில் பெரும்பங்கு டி4. செல்களுக்குள் முனைப்புடன் வேலை செய்வது டி3. மூளை தனக்கு வேண்டிய டி3-ஐப் பெரும்பாலும் தானே ஆக்கிக்கொள்கிறது. இரத்தத்திலிருந்து வரும் டி4-ஐ, நரம்பு செல்களுக்குத் துணைநிற்கும் ஆஸ்ட்ரோசைட் செல்கள் ஒரு நொதியின் உதவியால் டி3-ஆக மாற்றித் தருகின்றன. அது நரம்பு செல்லின் உட்கருவுக்குள் சென்று, எந்த மரபணுக்கள் எவ்வளவு இயங்க வேண்டும் என்பதை நெறிப்படுத்துகிறது. உடல் முழுவதும் செல்கள் ஆற்றலைச் செலவிடும் வேகத்தைக் கூட்டுவதும் இதே ஹார்மோன்தான். அந்தச் செலவில் பிறப்பதே உடல் சூடு. ஹார்மோன் குறைந்தால் வெப்ப உற்பத்தி குறையும். இருக்கும் சூட்டைக் காக்கத் தோலின் இரத்தக்குழாய்கள் சுருங்குவதால் கைகால்கள் சில்லிடும்.

உடல் குளிர்வதால்தான் மூளை மந்தமாகிறது என்று இதிலிருந்து முடிவுகட்டுவது தவறு. சாதாரணத் தைராய்டு குறைவில் உடலின் உள்வெப்பம் பெரிதாகக் குறைவதில்லை. அப்போது ஏற்படும் மறதிக்குக் குளிர்ச்சியைவிட ஹார்மோன் பற்றாக்குறையே முதன்மையான காரணம். உள்வெப்பம் 35 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கும்போது குளிர்ச்சியே தனி ஆபத்தாகிறது. ஒவ்வொரு டிகிரி குறைவுக்கும் மூளையின் ஆற்றல் செலவு ஏறத்தாழ 6 விழுக்காடு குறையும். குழப்பமும் குழறலும் தொடங்கும். 32 டிகிரிக்குக் கீழே நடுக்கமும் நின்று, நினைவு மங்கும்.

இரண்டு கேடுகளும் ஒன்றுசேரும் நிலை மிக்சிடீமா கோமா. நெடுநாள் கவனிக்கப்படாத தைராய்டு குறைவு உள்ள முதியவர்களை, அதிலும் பெண்களை, குளிர்காலத்தில் இது மிகுதியாகத் தாக்குகிறது. நுரையீரல் தொற்றோ தூக்க மாத்திரையோ அதைத் தூண்டிவிடலாம். மூச்சு மெலிந்து இரத்தத்தில் கரியமிலவாயு சேரும், சோடியம் குறையும், இவையும் மூளையை அழுத்தும். தொற்று இருந்தும் காய்ச்சல் அடிக்காது என்பதால் நோய் மறைந்தே நிற்கும். தீவிர சிகிச்சைப் பிரிவில், முதலில் ஹைட்ரோகார்ட்டிசோனும் பிறகு சிரை வழியாகத் தைராய்டு ஹார்மோனும் தரப்படுகின்றன. வெந்நீர்ப் பையோ சூடான ஒத்தடமோ கூடாது. தோலின் குழாய்கள் திடீரென விரிந்து இரத்த அழுத்தம் சரிந்துவிடும். கம்பளி போர்த்தி, மெல்ல மெல்லச் சூடேற விடுவதே முறை.

தைராய்டு குறைவின் வரலாறு மனநோயின் வரலாற்றோடு பின்னியது. 1873-இல் லண்டன் மருத்துவர் வில்லியம் கல், நடுவயதுப் பெண்களிடம் முகம் ஊதி அறிவு மந்தமாவதை விவரித்தார். 1878-இல் வில்லியம் ஆர்ட் அதற்கு மிக்சிடீமா என்று பெயரிட்டார். 1891-இல் நியூகாசிலில் ஜார்ஜ் மரே, ஆட்டின் தைராய்டுச் சாற்றை 46 வயதுப் பெண்ணுக்கு ஊசியாகச் செலுத்தினார். அந்தப் பெண் அந்த மருத்துவத்துடனேயே 1919 வரை வாழ்ந்தார். 1949-இல் ரிச்சர்ட் ஆஷர், மனநோயாளிகளாகக் கருதப்பட்ட 14 பேரின் பித்துக்குத் தைராய்டு குறைவே காரணம் என்று எழுதினார். மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட வேண்டியிருந்தவர்கள் சிலர் மாத்திரையால் தெளிந்து வீடு திரும்பினார்கள் என்பது, தைராய்டு பரிசோதனையைச் செய்யத் தவறுவது எவ்வளவு பெரிய பிழை என்பதைக் காட்டுகிறது.

பெரியவர்களின் மந்தம் பெரும்பாலும் மீளக்கூடியது. கருவிலும் முதல் ஆண்டுகளிலும் நேரும் குறைவு அப்படியல்ல. மூளை உருவாகும் அந்தக் காலத்தில் ஹார்மோன் கிடைக்காவிட்டால், அறிவு வளர்ச்சிக் குறைபாடு நிலைத்துவிடும். பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு துளி இரத்தம் எடுத்துக் கண்டறிந்து, இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் குழந்தை இயல்பாக வளரும். தாய்க்கு அயோடின் போதாமையும் இதே கேட்டைத் தரும். இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் மருத்துவர் வி. ராமலிங்கசாமி குழுவினர் 1956-இல் தொடங்கிய ஆய்வு, உப்பில் அயோடின் சேர்த்தால், அயோடின் போதாமையால் வரும் முன்கழுத்துக் கழலை குறையும் என்று காட்டியது. 1962-இல் இந்திய அரசு அதற்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கியது.

காலையில் அக்குளில் வெப்பமானி வைத்துத் தைராய்டு குறைவை அறியலாம் என்று அமெரிக்க மருத்துவர் பிராடா பார்ன்ஸ் 1942-இல் முன்வைத்த கருத்து இன்றும் உலவுகிறது. இது நம்பத்தக்கதன்று. உடல் சூடு வயது, நேரம், மாதவிடாய்ச் சுழற்சி, சூழல் ஆகியவற்றால் மாறிக்கொண்டே இருக்கும். சூடு குறைவு என்று மட்டும் பார்த்து டி3 மாத்திரை விழுங்கினால் இதயத்துடிப்பு தாறுமாறாகலாம்; எலும்பு தேயலாம். நோயை உறுதிசெய்வது டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்), டி4 இரத்தப் பரிசோதனைகளே.

தைராய்டு குறைவுக்குத் தரப்படும் லெவோதைராக்சின் மாத்திரையை வெறும் வயிற்றில், காலைக் காப்பிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே, தண்ணீருடன் விழுங்க வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி தேவை. வீட்டு முதியவர் புதிதாகத் தடுமாறினாலோ, பேச்சு மந்தமானாலோ, வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல் தைராய்டு பரிசோதனையும் கேளுங்கள். உடல் சில்லிட்டுத் தட்டி எழுப்பினாலும் சரிவரக் கண் திறக்காவிட்டால், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.