காது அரிப்பு திரும்பத் திரும்ப வருதா? உள்ளே 'என்சைம்'கள் செய்யும் வேலை இதுதான்!

தொண்டி, பாம்பன், ராமேஸ்வரம் என நீளும் கடற்கரையில் சங்கு குளிப்பவர்கள், கடல்பாசி எடுக்கும் பெண்கள் எனப் பலருக்கும் தண்ணீருக்குள்தான் பிழைப்பு. காதுக்குள் ஈரம் நின்றால் வரும் முக்கியமான தொல்லை, வெளிக்காது அழற்சி. அரிப்பு, வலி, நீர் வடிதல் என ஆரம்பிக்கும். 3 மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட நோய்.

காது அழுக்கு எதுக்கு?

குறும்பி வெறும் அழுக்கு இல்லை, காவலாளி. லேசான அமிலத்தன்மை கொண்டது. அதிலுள்ள 'லைசோசைம்' என்ற என்சைம் கிருமிகளின் சுவரை உடைக்கும். தண்ணீரில் ஊறியோ, பட்ஸ் போட்டுக் குடைந்தோ குறும்பி போய்விட்டால், 'சூடோமோனாஸ்' போன்ற பாக்டீரியாவும் பூஞ்சையும் எளிதாக நுழையும்.

உள்ளே என்ன நடக்குது?

* 'காக்ஸ்-2' என்சைம், புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை உண்டாக்கும். வீக்கம், சிவப்பு, வலி இதனால்தான்.

* கிருமியை அழிக்க வரும் வெள்ளை அணுக்கள் 'எலாஸ்டேஸ்' போன்ற என்சைம்களை வெளியிடும். இவை புரதத்தை வெட்டக்கூடியவை. அளவாக இருந்தால் புண் ஆற உதவும். அடங்காமல் போனால் சொந்தத் தோலையே அரிக்கும்.

* சூடோமோனாஸும் தன் பங்குக்கு எலாஸ்டேஸ் சுரக்கும்.

அழற்சி மாதக்கணக்கில் நீடித்தால் தோல் தடித்து, காதுத் துவாரம் சுருங்கி, கேட்கும் திறனும் குறையலாம்.

சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு ஏன்?

ஆன்டிபயாடிக் கிருமியைக் கொல்லும். ஸ்டீராய்டு இந்த அழற்சி வேலையைக் குறைக்கும். வலி போச்சுன்னு பாதியில் நிறுத்தினால் நோய் திரும்ப வரலாம். பழைய மருந்தை நீங்களாக விடவும் கூடாது: செவிப்பறையில் ஓட்டை இருந்தால் சில மருந்துகள் கேட்கும் திறனையே பாதிக்கும்.

இவர்கள் உஷார்!

சர்க்கரை நோயாளிகள், முதியவர்களுக்குத் தொற்று மண்டை ஓட்டு எலும்பு வரை பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். ராத்திரி தூங்கவிடாத வலியோ, முகம் ஒரு பக்கம் கோணுவதோ இருந்தால் உடனே மருத்துவமனை போகணும்.

என்ன செய்யலாம்?

* கரையேறியதும் தலையைச் சாய்த்துத் தண்ணீரை வடியவிட்டு, வெளியே மட்டும் துணியால் துடைக்கணும்.

* ஊக்கு, ஹேர்பின், பட்ஸ், காய்ச்சிய எண்ணெய் எதுவும் வேண்டாம்.

* சிகிச்சை முடியும்வரை காதில் தண்ணீர் படக்கூடாது, கடலில் முங்கவும் கூடாது. சில நாள் கூலி போகும்தான். ஆனால் நோய் முற்றினால், மாதக்கணக்கில் கடலுக்குப் போக முடியாது.