பூஜ்யங்கள் வந்த வழி

2023 நவம்பரில் ஜென்டூ லினக்ஸ் பயனர் ஒருவர் இசட்எஃப்எஸின் திறமூல வடிவமான ஓப்பன்-இசட்எஃப்எஸ் திட்டத்தின் வழுப் பதிவேட்டில் ஒரு புகாரைப் பதிந்தார். கோ மொழிக்கான கருவிகளை மூலநிரலிலிருந்து தொகுத்துத் தம் கணினியில் நிறுவியபோது, நகலெடுக்கப்பட்ட சில கோப்புகளின் உள்ளே தரவு இருக்க வேண்டிய பகுதிகளில் பூஜ்யங்கள் மட்டுமே இருந்தன. கோப்பின் அளவில் குறையில்லை. நகலெடுத்த கட்டளையும் பிழை எதையும் தெரிவிக்கவில்லை.

இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையை அறிந்தவர்களுக்கு இந்தச் செய்தி ஏன் அதிர்ச்சி தந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். ஜெஃப் பான்விக், மாத்யூ ஆரன்ஸ் ஆகியோர் 2001-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் இதைத் தொடங்கினார்கள். வட்டு பொய் சொல்லும், கம்பி பொய் சொல்லும், கட்டுப்படுத்தி பொய் சொல்லும் என்று எண்ணியே இதை வடிவமைத்தார்கள். ஒவ்வொரு தரவுத் துண்டுக்கும் ஒரு சரிபார்ப்புத் தொகை உண்டு. அது அந்தத் துண்டோடு சேர்ந்து இருக்காது. அதைச் சுட்டும் மேல்துண்டில் இருக்கும். இருக்கும் தரவின் மீது புதியதை எழுதும் வழக்கமும் இங்கே இல்லை. புதியது வேறிடத்தில் எழுதப்பட்டு, பிறகே சுட்டிகள் மாற்றப்படும். தரவு சிதைந்தால் மறைக்காமல் சொல்லிவிடும் என்பதுதான் இதன் பெரிய வாக்குறுதி. அந்த வாக்குறுதியை நம்பிப் பல ஆய்வகங்களும் நிறுவனங்களும் தங்கள் தரவை இதில் வைத்திருக்கின்றன.

அப்படிப்பட்ட முறைமையில் ஒரு கோப்பு சத்தமில்லாமல் பூஜ்யமாகிறது. சரிபார்ப்புத் தொகைகளோ எல்லாம் சரி என்கின்றன. இது எப்படி நடந்தது என்று தேடித்தான் அந்த மென்பொருளின் மாற்ற வரலாற்றுக்குள் இறங்கினேன்.

முதலில் பழி சுமந்தவர்

அண்மையில் என்ன மாறியது என்பதே எவருக்கும் எழும் முதல் கேள்வி. விடையும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. 2023 அக்டோபர் 13 அன்று ஓப்பன்-இசட்எஃப்எஸ் 2.2.0 வெளியாகியிருந்தது. அதில் பிளாக் குளோனிங் என்ற புதிய வசதி இருந்தது. நகலெடுக்கும்போது தரவை மறுபடி எழுதாமல், பழைய துண்டுகளையே புதிய கோப்பும் சுட்டும்படி செய்யும் ஏற்பாடு அது. நகலெடுத்தலில் பிழை, நகலெடுத்தலில் புதிய வசதி. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வேறெங்கும் தேடத் தோன்றாது. நவம்பர் 21 அன்று வெளியான 2.2.1 பதிப்பு அந்த வசதியை இயல்பாகவே அணைத்து வைத்தது.

ஆனால் வழு நிற்கவில்லை. குளோனிங் அணைந்த கணினியிலும் பூஜ்யங்கள் வந்தன. அந்த வசதியே இல்லாத 2.1 வரிசையிலும் வந்தன. ஃப்ரீபிஎஸ்டி இயக்குதளத்தின் 13, 14 பதிப்புகளிலும் அதே விளைவைக் காட்ட முடிந்தது. ஏராளமான சிறு கோப்புகளை ஒரே நேரத்தில் உருவாக்கி, உடனுக்குடன் நகலெடுத்து, ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு சிறு நிரல் பயனர்களிடையே சுற்றி வந்தது. அதை ஓட்டியவர்கள் பலருக்கும் ஒரே விடைதான் கிடைத்தது: குற்றம் புதியவர் மீது இல்லை.

லினக்ஸிலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் ஒரே வழு தெரிந்தால், இரண்டுக்கும் பொதுவான பகுதியில்தான் அதன் வேர் இருக்க வேண்டும். அந்தப் பொதுப் பகுதி சன் காலத்திலிருந்து கைமாறி வந்தது. ஆகவே தேட வேண்டிய ஆவணம் கடைசி மாதத்தின் மாற்றங்கள் அல்ல; பல ஆண்டுகளின் மாற்றங்கள்.

நகலெடுக்கும் கட்டளை கேட்கும் கேள்வி

ஆவணங்களைப் புரட்டுவதற்கு முன்னால் எந்த இடத்தில் புரட்டுவது என்று தெரிய வேண்டும். அதற்கு நகலெடுக்கும் நிரலிலிருந்து தொடங்கினேன்.

ஒரு கோப்பில் வெற்றிடங்கள் இருக்கலாம். ஒரு ஜிபி அளவு என்று சொல்லிக்கொள்ளும் கோப்பில் உண்மையில் சில கேபி தரவே எழுதப்பட்டிருக்கலாம். எழுதப்படாத பகுதியைப் படித்தால் பூஜ்யங்களே வரும். அவற்றையெல்லாம் படித்து மறுபடி எழுதுவது வீண் வேலை என்பதால், "அடுத்த தரவு எங்கே தொடங்குகிறது, அடுத்த வெற்றிடம் எங்கே தொடங்குகிறது" என்று கோப்பு முறைமையிடமே கேட்கும் வழி ஒன்று உண்டு. எல்சீக் என்ற பழைய அழைப்பில் சீக்-டேட்டா, சீக்-ஹோல் என்று சேர்க்கப்பட்ட இரண்டு கேள்விகள் அவை. சன் நிறுவனத்தில் பிறந்த இந்த வழி, 2011-ல் லினக்ஸ் கருவின் 3.1 பதிப்பிலும் வந்து சேர்ந்தது.

அடிப்படைக் கட்டளைகளின் தொகுப்பான குனு கோர்யூட்டில்ஸின், 2021 செப்டம்பரில் வெளியான 9.0 பதிப்பில், வெற்றிடமுள்ள கோப்புகளை நகலெடுக்க சிபி கட்டளை இந்த எல்சீக் வழிக்கு மாறியது. அடுத்து வந்த பதிப்புகளில் இந்தக் கேள்வி சாதாரண நகலெடுப்பிலேயே இடம்பெற்றது. அதுவரை எப்போதாவது கேட்கப்பட்ட கேள்வி அன்றாடக் கேள்வியாயிற்று. "இந்தக் கோப்பில் தரவே இல்லை" என்று கோப்பு முறைமை விடை சொன்னால் சிபி அதை நம்பும். நகல் கோப்பு முழுவதையும் ஒரே வெற்றிடமாக அமைத்துவிட்டு வேலையை முடித்துக்கொள்ளும்.

சரிபார்ப்புத் தொகைகள் ஏன் எதையும் காட்டவில்லை என்பது இங்கே விளங்கிவிடுகிறது. மூலக் கோப்பு சிதையவே இல்லை. நகலில் எழுதச் சொன்ன வெற்றிடமும் பிழையின்றி எழுதப்பட்டது. தவறு வட்டில் நடக்கவில்லை. ஒரு கேள்விக்குச் சொன்ன விடையில் நடந்தது. எழுதியது எழுதியபடி இருக்கிறதா என்று சோதிக்கும் எந்தக் கருவியாலும் அதைப் பிடிக்க முடியாது.

ஆவணக் கிடங்கில்

தேட வேண்டிய இடம் சுருங்கியது. தரவு எங்கே என்ற கேள்விக்கு விடை சொல்லும் முன், இசட்எஃப்எஸ் ஒரு சோதனை செய்கிறது: இந்தக் கோப்பில் இன்னும் வட்டுக்குப் போகாத மாற்றங்கள் உண்டா? உண்டு என்றால் அவை வட்டுக்குப் போகும்வரை பொறுத்திருந்து, பிறகு விடை சொல்ல வேண்டும். இல்லை என்றால் வட்டில் உள்ள அமைப்பைப் பார்த்து உடனே சொல்லலாம். அந்தச் சோதனையைச் செய்யும் சில வரிகளின் வரலாறுதான் எனக்குத் தேவைப்பட்டது.

கிட் களஞ்சியம் ஒரு நல்ல ஆவணக் கிடங்கு. ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்டவர் யார், எப்போது, எதற்காக என்பதை அது சொல்லும். அந்த மாற்றத்துக்கு முந்தைய நிலையை எடுத்துக்கொண்டு அதே கேள்வியை மறுபடி கேட்கலாம். இப்படி ஒவ்வோர் அடுக்காகப் பின்னோக்கிப் போனேன்.

2021 நவம்பர்: நினைவகத்தோடு இணைக்கப்பட்ட கோப்புகளில் இந்தக் கேள்விக்குத் தவறான விடை வருகிறது என்ற புகாருக்காக ஒரு திருத்தம். சோதனை தனிச் செயற்கூறாகப் பிரிக்கப்பட்டு, பூட்டுகள் இறுக்கப்பட்டன. 2019: அதே சோதனையின் அடிப்படை ஒரு முறை மாற்றப்பட்டது. கோப்பைப் படித்த நேரம் போன்ற சிறு குறிப்புகள் மட்டும் மாறியிருந்தால் அதற்காக வெற்றிடங்களை மறைக்க வேண்டாம் என்பது காரணம். அதே ஆண்டிலேயே அந்த மாற்றம் திரும்பப் பெறப்பட்டது. ஒரு குறுகிய கால இடுக்கில், தரவு இருந்தும் இல்லை என்ற விடை போவதாகத் திரும்பப் பெற்றவர்கள் காரணம் எழுதியிருந்தார்கள். 2017: பழைய சோதனை மாற்றம் உள்ள கோப்பைச் சில நேரம் மாற்றமற்றது என்று சொல்லிவிடுவதால் வேறொரு குறிப்பைப் பார்க்கும்படி மாற்றினார்கள். அதற்குச் சற்று முன், அதே ஆண்டில், ஒவ்வொரு முறையும் வட்டுக்காகக் காத்திருப்பது மிக மெதுவாக இருக்கிறது என்பதற்காக இந்தச் சோதனை நடைமுறையே லினக்ஸ் கிளையில் நுழைந்தது.

இவற்றுள் எதுவும் கவனக்குறைவால் நேர்ந்ததல்ல. ஒவ்வொன்றும் உண்மையான ஒரு புகாருக்கு விடையாக வந்தது. ஒவ்வொன்றையும் வேறொருவர் படித்துப் பார்த்த பிறகே சேர்த்தார்கள். 2019-ல் எழுதிய குறிப்பில், 2023-ல் உலகம் கண்ட அதே அறிகுறி அப்படியே இருக்கிறது. அதைப் படித்தபோது இந்தத் தேடலின் முக்கியமான தடயம் கையில் கிடைத்துவிட்டது என்று தோன்றியது.

இதற்கும் முன்னால் போக வேண்டுமானால் லினக்ஸ் களஞ்சியம் போதாது. லினக்ஸ் கிளையை லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தில் பிரையன் பெலண்டார்ஃப் 2008-ல் தொடங்கினார். சன் காலத்து வரலாறு, சன்னின் திறமூல இயக்குதளமான ஓப்பன் சோலாரிஸின் வழித்தோன்றலாகிய இல்லுமோஸின் களஞ்சியத்தில் இருக்கிறது. அந்த வரலாற்றில் இசட்எஃப்எஸ் 2005 அக்டோபர் 31 அன்று நுழைந்தது. அந்தக் காலத்து மாற்றங்களோடு பெரும்பாலும் ஒரு வழு எண்ணும் ஒரு தலைப்பு வரியும் மட்டுமே இருக்கின்றன. எதற்காக மாற்றினார்கள், என்ன வாதம் நடந்தது என்பதெல்லாம் நிறுவனத்தின் வழுத் தரவுத்தளத்தில் இருந்தன. ஆரக்கிள் 2010 ஜனவரியில் சன் நிறுவனத்தை வாங்கி, அதே ஆண்டு ஆகஸ்டில் ஓப்பன் சோலாரிஸை நிறுத்தியது. பிறகு அந்தத் தரவுத்தளமும் பொதுப் பார்வையிலிருந்து மறைந்தது. குறியீடு தப்பியது, அதன் காரணங்களில் பெரும்பகுதி தப்பவில்லை. களஞ்சியத்தில் அந்த வெறும் எண்களைப் பார்க்கும்போது மனம் கனத்துப்போகிறது.

இரண்டு பதிவேடுகள்

அடுக்குகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் குற்றம் நடந்த இடம் தெரிகிறது. ஒரு கோப்பில் எழுதப்படாத மாற்றம் இருப்பதை இசட்எஃப்எஸ் இரண்டு இடங்களில் குறித்து வைக்கிறது. மாற்றம் கண்ட கோப்புகளின் பட்டியல் ஒன்று. அந்தக் கோப்புக்குள் எந்தத் துண்டுகள் மாறின என்ற பதிவுகள் மற்றொன்று. பல ஆண்டுகளாகச் சோதனை ஒரு காலத்தில் இதைப் பார்த்தது, மறு காலத்தில் அதைப் பார்த்தது.

நிலம் வாங்கியவருக்குப் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகிவிடும்; பட்டா பெயர் மாற்றம் வேறோர் அலுவலகத்தில் பிறகு நடக்கும். இடைப்பட்ட காலத்தில் ஒரே ஒரு பதிவேட்டைப் பார்த்து உரிமையாளர் யார் என்று முடிவு செய்தால் முடிவு பிழையாகும். இங்கேயும் அதுதான் நடந்தது. புதிதாக உருவான கோப்பில் முதல் முறை எழுதும்போது இரண்டு குறிப்புகளும் சேர்ந்தே உண்டாகின்றன. மாற்றங்கள் வட்டுக்குப் போகும் வேளையில், பட்டியலிலிருந்து கோப்பு நீங்கிவிட்டது, துண்டுப் பதிவுகள் மட்டும் இன்னும் இருக்கின்றன என்ற மிகச் சிறிய இடைவெளி ஒன்று வருகிறது. சரியாக அந்த நேரத்தில் இன்னொரு நிரல் "தரவு எங்கே" என்று கேட்டால், கோப்பில் மாற்றம் எதுவுமில்லை என்று சோதனை சொல்லும். வட்டிலோ இந்தக் கோப்புக்கு இன்னும் ஒரு துண்டும் இல்லை. ஆகவே தரவே இல்லை என்று விடை போகும்.

இவ்வளவு நாள் இது வெளிப்படாததற்கும் 2023-ல் வெளிப்பட்டதற்கும் காரணம் ஒன்றே. ஒரு கோப்பை எழுதிய கணமே அதை நகலெடுப்பவர் குறைவு. நகலெடுக்கும்போது இந்தக் கேள்வியைக் கேட்ட நிரல்களும் குறைவு. ஜென்டூவில் மென்பொருள்கள் மூலத்திலிருந்து தொகுக்கப்பட்டு, கோப்பு உருவான சூட்டோடு நிறுவும் இடத்துக்கு நகலாகின்றன. பல கருக்கள் கொண்ட கணினியில் புதிய கோர்யூட்டில்ஸும் சேர்ந்தபோது, அரிதான இடைவெளி அடிக்கடி தொடப்பட்டது. ஓப்பன்-இசட்எஃப்எஸ் 2.2.0 அதே வேளையில் வந்தது தற்செயல்.

திருத்தமும் அதன் குறிப்பும்

ஆஸ்திரேலிய நிரலாளர் ராப் நாரிஸ் எழுதிய திருத்தம் மிகச் சிறியது: இரண்டு பதிவேடுகளையும் பார், ஏதேனும் ஒன்றில் குறிப்பு இருந்தாலும் கோப்பில் மாற்றம் உண்டு என்று கொள். நவம்பர் 30 அன்று 2.2.2, 2.1.14 ஆகிய இரண்டு பதிப்புகளிலும் அது வெளியானது. அந்தக் குறுகிய இடைவெளியை வேண்டுமென்றே உருவாக்கிப் பார்க்கும் சோதனை ஒன்றும் பிறகு திட்டத்தின் சோதனைத் தொகுப்பில் சேர்ந்தது.

குறியீட்டைவிட அதனோடு அவர் எழுதிய குறிப்பு நீளமானது. அதை நான் மிகவும் மதிக்கிறேன். 2017 முதல் 2021 வரையிலான மாற்றங்களையும், இல்லுமோஸ் களஞ்சியத்தின் இரண்டு பழைய மாற்றங்களையும் அதில் வரிசையாகக் குறிப்பிட்டிருக்கிறார். சோதனை இரண்டு முனைகளுக்கிடையே மாறி மாறிப் போயிருக்கிறது, இரண்டுமே தேவை என்று அந்தப் பட்டியலைக் கொண்டே நிறுவுகிறார். முன்னால் வந்தவர்கள் தங்கள் காரணங்களைக் குறியீட்டோடு சேர்த்து எழுதி வைத்திருந்ததால்தான் அவரால் அப்படி நிறுவ முடிந்தது. 2019-ல் அந்த மாற்றத்தைத் திரும்பப் பெற்றவர்கள் காரணம் சொல்லாமல் பெற்றிருந்தால், இந்தச் சங்கிலியில் மிக முக்கியமான கண்ணி அறுந்திருக்கும்.

ஒரு தனி மாற்றத்தைப் படித்தால் அது நியாயமாகத் தெரிகிறது. எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தால்தான் பிழை தெரிகிறது. ஆகவே எவருடைய தரவையோ காக்கும் குறியீட்டில் கை வைப்பவர்கள் ஒவ்வொரு மாற்றத்துக்கும், அதிலும் முக்கியமாக ஒவ்வொரு பின்வாங்கலுக்கும், காரணத்தை அந்தக் களஞ்சியத்துக்குள்ளேயே எழுதி வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வேறெங்கோ ஒரு தரவுத்தளத்தில் இருக்கிறது என்று விட்டுவிட்டால், நிறுவனம் கைமாறும் நாளில் அது போய்விடும்.

அந்தச் சோதனையை வேகப்படுத்தலாம் என்று நாளை வேறொருவர் நிச்சயமாக வருவார். வேகம் தேவைப்படுவதும் நியாயமே. வரலாற்றைத் திறந்தால் இரண்டு பதிவேடுகளில் ஒன்றை மட்டும் பார்த்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று அவர் படித்துவிடுவார், அதே குழியில் மறுபடி விழ மாட்டார். ஒரு வழுவைத் திருத்துவதில் பாதி வேலை அந்தக் குறிப்பை எழுதுவதுதான்.